டீச்சரிடம் கேளுங்கள்: டாங்கோவுக்குப் புதியவர்கள்

கண்டியில் ஞாயிறு பின்னேரங்களில் நடக்கும், இருவர் ஜோடியாக ஆடும் டாங்கோ ஆட்ட வகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதியிருந்தேன். பாடசாலைகளில் பரதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு நானும் அங்கேதான் டாங்கோ கற்றேன். அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இம்முறை பக்கம் முழுவதும் டாங்கோ.

டீச்சர், நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். எல்லாரும் அன்பாகப் பழகுகிறார்கள். ஆனால் வகுப்பு முடிந்து ஆட்டம் தொடங்கியதும் நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை. நன்றாக ஆடுகிறவர்கள் கூப்பிட்டால் அவர்கள் நேரத்தை வீணாக்குகிறேனோ என்று கூச்சம். வீட்டில் நன்றாகப் பழகிக்கொண்டு ஆறு மாதம் கழித்துப் போகட்டுமா?
— ஆசிரியை, கொட்டகலை

வேண்டாம் மகள். வரும் ஞாயிறே போங்கள். மூலைக் கதிரையை விட்டுவிட்டுக் களத்தைப் பார்த்தபடி உட்காருங்கள்.

டாங்கோவை வீட்டில் தனியாகக் கற்று முடிக்க முடியாது. காலைப் பழக்கலாம், சமநிலையைப் பழக்கலாம். எதிரில் இருப்பவரின் நெஞ்சு எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே தயங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதை உடம்பால் கேட்பது இருக்கிறதே, அது இன்னொருவர் முன்னால் நின்றால்தான் வரும். ஆறு மாதம் வீட்டில் பழகிவிட்டுப் போனாலும் அந்த ஒன்றில் நீங்கள் முதல் நாள் மாணவியாகத்தான் இருப்பீர்கள்.

அங்கே ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? மூன்று அல்லது நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தாண்டா. ஒரு தாண்டா முழுவதும் ஒரே துணை. முடிந்ததும் கொர்த்தீனா என்ற சிறு இடைவெளி இசை வரும். நம்முடைய மண்டபத்தில் அதற்குப் பைலாத் துண்டு போடுவார்கள். அது கேட்டதும் எல்லாரும் களத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த தாண்டாவுக்கு வேறு துணை தேடுவார்கள். ஆகவே நன்றாக ஆடும் ஒருவர் உங்களோடு செலவழிப்பது பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அன்று மாலை அவருக்கு இன்னும் பல தாண்டா இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தைப் பாரமாக நினைப்பவர் உங்களைக் கூப்பிடவே மாட்டார். அவர் கூப்பிட்டது ஆட விரும்பித்தான். நம்புங்கள்.

நான் போன புதிதில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிங்கள மாத்தயா என்னைக் கூப்பிட்டார். முதல் பாட்டு முழுவதும் அவர் என்னை நடக்க மட்டுமே வைத்தார். திருப்பம் இல்லை, அலங்காரம் இல்லை. பாட்டில் வயலின் நீளும் இடத்தில் எங்கள் நடையும் நீண்டது. இசை நின்ற இடத்தில் நாங்களும் நின்றோம். எனக்கு அதுவரை பாரமாக இருந்த உடம்பு இரண்டாம் பாட்டில்தான் இலேசானது. பரதம் ஆடிய கால் நிலத்தைத் தட்டிப் பழகியது. இங்கே கால் நிலத்தைத் தடவிக்கொண்டு போகவேண்டும். அரைமண்டியில் தாழ்ந்து பழகிய இடுப்பு இங்கே நிமிரவேண்டும். கண் சபையைத் தேடும். இங்கே சபையே இல்லை, எதிரில் ஒருவர் மட்டும். இதையெல்லாம் அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் எனக்குப் புரியவைத்தார். அப்படிப்பட்டவரோடு ஆடாமல் ஆறு மாதம் வீட்டுச் சுவரோடு பழகி என்ன கிடைக்கும்?

புதியவரோடு ஆடுவதில் தேர்ந்தவருக்கும் பலன் உண்டு. பெரிய அடவுகள் எதுவும் போட முடியாது என்பதால் அவர் பாட்டை நன்றாகக் கேட்பார். தான் சொல்வது எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகப் போய்ச் சேர்கிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும். பழகிய துணை தெளிவில்லாத சைகையையும் ஊகித்து ஆடிவிடுவார். நீங்கள் ஊகிக்க மாட்டீர்கள். அதனால் நீங்கள் அவருக்கு நல்ல பரீட்சை.

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கால் பிசகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்காதீர்கள், பாட்டு அறுந்துவிடும். மற்றது, தாண்டாவின் நடுவில் "தேங்க் யூ" சொல்லிவிடாதீர்கள். நாம் பஸ்ஸில் இடம் தந்தவருக்குச் சொல்கிற அந்த நல்ல பழக்கம் டாங்கோ களத்தில் "உங்களோடு ஆடியது போதும்" என்று ஆகிவிடும். தாண்டாவின் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு மனம் நிறையச் சொல்லுங்கள்.

என் மகள் கண்டியில் வேலை செய்கிறாள். இந்த வகுப்புக்குப் போவதாகப் போனில் சொன்னாள். படமும் அனுப்பினாள். அறிமுகமில்லாத ஆம்பிளைகளைக் கட்டிப்பிடித்து ஆடுவது நம் குடும்பத்துக்குச் சரிவருமா? மறித்தால் கோபிக்கிறாள்.
— ஒரு தாய், லிந்துல

அக்கா, உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். பிள்ளை தூரத்தில் இருக்கிறாள், நீங்கள் தோட்டத்தில் இருக்கிறீர்கள். பார்க்காத இடத்தைப் பற்றிப் பயம் வராமல் என்ன செய்யும்?

அங்கே இருக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். ஆர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரத்து ஆட்டக்களங்களில் பழகி வந்த முறை ஒன்று உண்டு. பெயர் கபெசேயோ. ஆட விரும்புகிறவர் பெண்ணின் கதிரைக்கு வந்து கையை நீட்டுவதில்லை. தூரத்தில் இருந்தபடியே பார்ப்பார். பெண்ணுக்கும் விருப்பம் என்றால் அவளும் பார்ப்பாள், அவர் தலையசைப்பார், அவளும் அசைப்பாள். விருப்பமில்லை என்றால் பார்வையைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை, நாலு பேர் முன்னால் யாருக்கும் அவமானமும் இல்லை. கல்யாண வீட்டில் கையைப் பிடித்து இழுத்து ஆட வைக்கிறார்களே, அதைவிட இது பெண்ணுக்கு எவ்வளவோ மரியாதையான முறை என்று நான் நினைக்கிறேன்.

அணைப்பிலும் அளவு உண்டு. இடையில் ஓரடி இடைவெளி விட்டும் ஆடலாம், நெருங்கியும் ஆடலாம். எவ்வளவு நெருங்குவது என்பதை இருவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கவேண்டும், விருப்பமில்லாதவரை யாரும் இழுத்து நெருக்கக்கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் இடைவெளி விட்டே தொடங்குகிறார்கள். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் பாட்டின் நடுவிலும் நிறுத்திவிட்டு வந்து உட்காரலாம். அப்படி நடந்தால் நடத்துகிறவர்களிடம் சொல்லவேண்டும், அவர்கள் தலையிட்டுப் பேசவேண்டும். அப்படிப் பேசாத இடமாக இருந்தால் மகளை அங்கே போகவேண்டாம் என்று நானும் சொல்வேன்.

ஒரு ஞாயிறு நீங்கள் போய்ப் பாருங்கள் அக்கா. மறிக்கும் எண்ணத்தோடு போகாமல், பார்க்கவென்று போங்கள். மகளோடு உட்கார்ந்து பிளேன்டீ குடியுங்கள். மரவள்ளிக்கிழங்கும் கட்டசம்பலும் கொண்டுவருகிற ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார், அவரோடு பேசுங்கள். அங்கே எழுபது வயதுக்காரரும் ஆடுகிறார், பல்கலைக்கழகத்துப் பிள்ளையும் ஆடுகிறாள்.

யூடியூப்பில் பார்த்து நிறைய ஸ்டெப் பழகினேன். களத்தில் இறங்கினால் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. ஆம்பிளைதானே நடத்தவேண்டும்? ஆகக் குறைந்தது எத்தனை ஸ்டெப் தெரியவேண்டும்?
— போன் கடையில் வேலை செய்யும் தம்பி, ஹட்டன்

ஒன்று தெரிந்தால் போதும் தம்பி. நடை.

மழை நாளில் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கால் சறுக்காமல் நிலைத்து, உடம்பின் பாரம் முழுவதும் அதில் இறங்கிய பிறகுதான் மற்றக் கால் எழும்பும். டாங்கோ நடையும் அப்படித்தான். பாரத்தை இரண்டு காலிலும் பகிர்ந்து வைத்துக்கொண்டு நிற்கிறவரோடு ஆடும் பெண்ணுக்கு, அடுத்து எந்தக் கால் வரும் என்று தெரியாமல் தடுமாற்றம் வரும். நீங்கள் பாரத்தை முழுதாக மாற்றினால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். கையால் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். முதலில் நெஞ்சு போகட்டும், கால் அதன் பின்னால் போகும்.

யூடியூப்பில் பார்த்த அடவுகள் மறந்துபோவதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றில் பல மேடைக்காகக் கோத்தவை. காலை உயர வீசுகிற பொலேயோ, துணையின் காலுக்கிடையில் கொக்கி போடுகிற கான்ச்சோ எல்லாம் மேடையில் அழகு. நெருக்கமான களத்தில் பக்கத்து ஜோடியின் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். களத்தில் எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருகிறார்கள், அந்தச் சுற்றுக்குப் பெயர் ரோண்டா. முன்னால் இடம் கிடைத்தால் நடங்கள், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே பாரத்தை மாற்றி மாற்றி இசையோடு நில்லுங்கள். முந்தவேண்டாம். முன்னால் போகிறவரைப் பார்த்து, எதிரில் இருப்பவரைக் காப்பாற்றி, பாட்டையும் கேட்டுக்கொண்டு நடப்பதே உங்களுக்கு நிறைந்த வேலை. திருப்பங்களும், பெண் எட்டு வடிவில் சுழலும் ஒச்சோவும் வகுப்பில் தானாக வந்து சேரும்.

விலையான டாங்கோ சப்பாத்து வாங்கவேண்டுமா?
— வாசகி, பண்டாரவளை

இப்போது வேண்டாம். அடி வழுவழுப்பாக, காலோடு இறுகி நிற்கிற பழைய தோல் சப்பாத்து போதும். ரப்பர் அடி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் திரும்பும்போது முழங்கால் நோகும். குதி உயரம் கட்டாயமில்லை. வீட்டில் சொக்ஸ் போட்டுக்கொண்டு பழகுங்கள், ஆனால் மெழுகு பூசிய சீமெந்துத் தரையில் கவனம்.

வெள்ளைக்காரர் ஹோட்டலில் ஆடுகிற ஆட்டத்தை நம் பிள்ளைகளுக்கு ஏன் சிபாரிசு செய்கிறீர்கள்? நமக்குக் காமன் கூத்து இருக்கிறது, பொன்னர் சங்கர் இருக்கிறது, அருச்சுனன் தபசு இருக்கிறது. அவையே ஆளில்லாமல் கிடக்கின்றன.
— ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர், நோர்வூட்

ஐயா, கடைசி வரியில் நீங்கள் சொன்னது எனக்கும் வலிக்கிறது. மாசியில் காமன் நட்டுத் தப்புச் சத்தம் கேட்டால் நான் இன்னும் வீட்டில் இருக்கமாட்டேன்.

ஆனால் டாங்கோ ஹோட்டலில் பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லா பிளாட்டா ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற புவெனஸ் அயர்ஸ், மொண்டெவிடியோ நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்தவர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் சந்ததியினர், நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அங்கே கலந்தார்கள். அவர்களில் பலர் இருந்த வீட்டுக்குப் பெயர் கொன்வென்தீயோ. நடுவில் ஒரு முற்றம், சுற்றிவர அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம், எல்லாருக்கும் பொதுவான தண்ணீரும் கக்கூசும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் பிறந்து, ஒரே பீலியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த எனக்கு இதை வாசித்தபோது அந்த முற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டும் ஒன்றே என்று சொல்லமாட்டேன். நம் முன்னோர் கங்காணியின் கடனில் கட்டுண்டு மலையேறினார்கள், அந்தக் கதை வேறு. ஆனால் ஊரை விட்டு வந்தவர்கள், ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாதவர்கள், ஒரு பாட்டில் சேர்ந்து நடந்து உண்டாக்கிய ஆட்டம் அது.

அந்த நாட்டு மேட்டுக்குடி அதை முதலில் ஒதுக்கித்தான் வைத்தது. முதலாம் உலகப் போருக்கு முந்திய வருடங்களில் பாரிஸ் நகரம் டாங்கோவைத் தலையில் வைத்துக் கொண்டாடிய பிறகே அதன் சொந்த ஊர்ப் பெரிய வீடுகளின் கதவு திறந்தது. 2009இல் ஆர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து கேட்க, யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது. தப்பைத் தொட வெட்கப்படுகிற நம் படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியவேண்டும் ஐயா. அதற்காகவும்தான் சிபாரிசு செய்கிறேன். எங்கள் வகுப்பில் ஆடுகிற மஸ்கெலியாப் பையன் ஒருவன் இந்த மாசியில் ஊருக்குப் போய்க் காமன் கூத்துக்காரர்களோடு ஆடிவிட்டு வந்தான். ஆட்டத்தில் கூச்சம் போனவன் எல்லா ஆட்டத்துக்கும் போவான்.

வகுப்பில் பெண்கள்தான் அதிகம். நானும் என் சிநேகிதியும் சேர்ந்து ஆடினால் தப்பா?
— பல்கலைக்கழக மாணவி, பேராதனை

தப்பே இல்லை, தாராளமாக ஆடுங்கள். அந்தக் காலத்துப் புவெனஸ் அயர்ஸில் ஆண்கள் ஆண்களோடு ஆடித்தான் பழகினார்கள். பெண்ணின் பக்கத்தையும் கற்ற பிறகுதான் களத்துக்குப் போனார்கள். நம் காமன் கூத்திலும் ரதி வேடம் ஆண்கள்தானே கட்டினார்கள்? நடத்துவது, தொடர்வது இரண்டையும் மாறி மாறிப் பழகுங்கள். நடத்திப் பார்த்தவளுக்குத் தொடர்வது சுலபமாக வரும்.

பஸ்ஸில் போகும்போது கேட்க என்ன பாட்டு என்று சொல்லுங்கள் டீச்சர். எல்லாம் ஒரே மாதிரிக் கேட்கிறது.
— வாசகர், பதுளை

பாட்டுப் பெயர்களைத் தேடாமல் இசைக்குழுக்களின் பெயரைத் தேடுங்கள். ஏறக்குறைய 1935 முதல் 1955 வரை உள்ள காலம்தான் ஆடுகிறவர்களுக்குப் பொற்காலம். கார்லோஸ் டி சார்லியில் தொடங்குங்கள். நிதானமான தாளம், பியானோ தெளிவாகக் கேட்கும், நடக்கப் பழகுகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. பிறகு ஹுவான் தாரியென்சோ. அவர் தாளம் துள்ளும், கால் சும்மா இருக்காது. அனீபால் துரோய்லோ பந்தோனியோன் வாசித்தவர், பாட்டுக்காரரையும் வாத்தியங்களையும் பேசவிட்டுக் கேட்கலாம். பந்தோனியோன் ஜெர்மனியில் செய்த பெட்டி, நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு. கடலைத் தாண்டிப் போய் அந்த இசைக்கே குரலாகிவிட்டது. ஒஸ்வால்டோ புக்லியேசேயைக் கொஞ்ச நாள் கழித்துக் கேளுங்கள். அவர் இழுத்து நிறுத்தும் இடங்கள் புதியவரைக் குழப்பும்.

டாங்கோவோடு இன்னும் இரண்டு வகை களத்தில் வரும். மூன்று எண்ணிக்கையில் சுழல்வது வால்ஸ், வேகமாகக் குதிப்பது மிலோங்கா. இதே பெயரால்தான் ஆட்டம் நடக்கும் மாலையையும் சொல்வார்கள். மூன்றையும் காது பிரித்துக் கேட்கப் பழகட்டும். பதுளையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ் பயணம் அதற்குப் போதுமான நீளம். ஞாயிறு வந்தால் என்னிடம் வந்து பேசுங்கள், வாசல் பக்கக் கதிரையில் இருப்பேன்.