கர்ப்பப்பை ஒப்பரேஷனும் இடுப்புப் பிள்ளையும்: வாசகியர் கேள்வி பதில்

கர்ப்பப்பையை எடுக்கத் திகதி வாங்கியவர்களும், எடுத்துவிட்டு வீடு வந்தவர்களுமாகச் சிறு பிள்ளைகளின் தாய்மார் எழுதிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எனக்கு 37 வயது. ஃபைப்ரோயிட் கட்டிகளால் மாதத்தில் பத்து நாள் இரத்தம் போகிறது. அடுத்த மாதம் வயிற்றை வெட்டிக் கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். மகளுக்கு 5 வயது, மகனுக்கு ஒன்றரை. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை, மாமியார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர். எத்தனை நாளில் மகனைத் தூக்கலாம்?
வாசகி, ஹட்டன்

ஆறு வாரம் தூக்கக்கூடாது. ஒன்றரை வயதுப் பிள்ளை 10 கிலோவுக்குக் கிட்ட இருக்கும். முதல் ஆறு வாரமும் நீங்கள் தூக்கக்கூடியது 4 கிலோ, மிஞ்சிப் போனால் 5. நீர் நிறைந்த கேத்தல் பரவாயில்லை. பீலியிலிருந்து வரும் 15 லீட்டர் வாளி 15 கிலோ, அதைத் தொடவே வேண்டாம். விறகுக் கட்டும் கேஸ் சிலிண்டரும் அப்படித்தான்.

வெளித்தோல் பத்து நாளில் மூடிவிடும். நிறையப் பேர் ஏமாறுவது அங்கேதான். தோலுக்குக் கீழே வயிற்றைக் கட்டிப் பிடிக்கும் கெட்டியான சவ்வையும் வெட்டித்தான் தைத்திருக்கிறார்கள். அது மூன்று வாரத்தில் பழைய பலத்தில் கால் பங்குக்குத்தான் வரும், மூன்று மாதமானாலும் சுமார் 80 வீதம்தான். பாரம் தூக்கி முக்கும்போது வயிற்றின் உள்ளழுத்தம் முழுவதும் அந்தத் தையலில் விழும். அது விட்டுக்கொடுத்தால் தழும்பின் வழியே குடல் பிதுங்கும் குடலிறக்கம் வரும், அதற்கு இன்னொரு ஒப்பரேஷன். யோனியின் மேல்முனையிலும் உள்ளே ஒரு தையல் இருக்கிறது. லப்ரொஸ்கோப்பியில் செய்தவர்களுக்கு வெளியே சிறு துளைகள்தான் தெரியும், ஆனால் அவர்களுக்கும் இந்த உள்தையல் உண்டு. "எனக்குச் சின்னக் காயம்தானே" என்று அவர்களே முதலில் வாளியைத் தூக்குகிறார்கள்.

ஆகவே ஒப்பரேஷன் திகதியைவிட, அதன்பின் வரும் ஆறு வாரத்துக்குக் கைமாற்று ஆள்தான் முதல் ஏற்பாடு. இருக்கும் லீவையெல்லாம் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி நாட்களில் செலவழித்துவிட வேண்டாம். வார்டில் உங்களைப் பார்க்கத் தாதிமார் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம்தான் அவர் பக்கத்தில் வேண்டும். அதற்குப் பிறகு காலையும் மாலையும் தண்ணீர் எடுத்து வைக்க லயத்தில் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். மகனைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்தில் பகலில் பிள்ளைகளைப் பார்க்கும் இடம்) விடுவதானால் ஒரு மாதம் முன்பே பழக்குங்கள். நீங்கள் இல்லாத நாளில் அவன் புதிதாக அங்கே போய் நிற்கக்கூடாது.

வீட்டுக்குள்ளும் இப்போதே மாற்றத் தொடங்குங்கள். கட்டிலருகே உறுதியான ஒரு சிறு பலகையைப் போட்டு, மகன் தானே ஏறி வரப் பழக்குங்கள். அவன் அழுதால் நீங்கள் குனிந்து அள்ள வேண்டாம். முதலில் நீங்கள் உட்காருங்கள், பிறகு அவனை மடிக்குக் கூப்பிடுங்கள். ஒரு தலையணையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டால் அவன் உதைத்தாலும் காயத்தில் படாது. குளிப்பாட்டுவதை இன்றைக்கே மாமியாரிடம் கொடுங்கள், வழுக்கும் பிள்ளையைப் பிடிக்கும்போது கை தன்னாலேயே தூக்கிவிடும். இரவில் அவன் பாட்டியோடு படுத்துப் பழகப் பத்து நாளாவது வேண்டும். மகளிடம் உண்மையையே சொல்லுங்கள்: அம்மாவின் வயிற்றில் காயம், ஆறும்வரை தூக்க முடியாது, ஆனால் கட்டிப் பிடிக்கலாம். கலண்டரில் ஒவ்வொரு ஞாயிறாக அவளையே வெட்டச் சொன்னால் ஆறு வாரம் என்பது அவளுக்கும் புரியும்.

அரிசி, பருப்பு, மா எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். அடுப்புப் புகையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். புகையில் வரும் இருமல் தையலைக் குலுக்கும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். கட்டிலை விட்டு எழும்போது நேரே எழாமல் ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

என் எச்.பி. (இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) 8.4 என்று சொல்லி ஒப்பரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இரும்புச் சத்து மாத்திரை ஒரு மாதமாகக் குடிக்கிறேன், ஏறவே இல்லை.
வாசகி, பண்டாரவளை

எப்படிக் குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. காலையில் பிளேன்டீயோடு என்றால் காரணம் அதுதான். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் குடலால் அதை உறிஞ்ச முடியாது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் தேநீர், கோப்பி, பால் எதுவும் வேண்டாம். அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு வெறும் வயிற்றில் குடியுங்கள். குமட்டினால் சிறிது உணவுக்குப் பின் குடிக்கலாம், விட்டுவிடக்கூடாது. கல்சியம் மாத்திரையும் தந்திருந்தால் அதை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

ஒழுங்காகக் குடித்தால் மூன்று, நான்கு வாரத்தில் 1 முதல் 2 கிராம் வரை ஏறும். ஆனால் மாதாமாதம் அதே அளவு இரத்தம் போய்க்கொண்டிருந்தால், ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதைதான். ஒப்பரேஷன்வரை போக்கைக் குறைக்க மருந்து தர முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் ஊசி வழியாக இரும்பு ஏற்ற வழி உண்டு. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். திகதியைத் தள்ளியதை நினைத்து வருந்த வேண்டாம். குறைந்த இரத்தத்தோடு மேசைக்குப் போனால் இரத்தம் ஏற்ற வேண்டி வரும், எழுந்து நடக்கவும் நாளாகும்.

பத்து மாதக் குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். ஒப்பரேஷனுக்கு முன் நிறுத்திவிட வேண்டுமா?
வாசகி, நானுஓயா

வேண்டாம். மயக்கம் தெளிந்து, பிள்ளையைப் பிடிக்கும் அளவுக்கு விழிப்பு வந்ததும் கொடுக்கலாம். பால் கொடுப்பதை மயக்க மருந்து டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பரசிற்றமோல், டைக்லோபினாக் இரண்டும் பிரச்சினையில்லை, கோடீன் கலந்த மாத்திரை வேண்டாம். வார்டில் பிள்ளையை வைத்திருக்க விடுவார்களா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். விடாவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் பீச்சி எடுக்க வேண்டும், இல்லையேல் மார்பு கட்டிக் காய்ச்சல் வரும். டொக்டரும் அதைக் காயத்தால் வந்த காய்ச்சல் என்று தேடத் தொடங்குவார். வீட்டில் ஒருக்களித்துப் படுத்தே கொடுங்கள், பிள்ளையை வேறொருவர் பக்கத்தில் கிடத்தட்டும்.

நான்கு வாரம் ஆகிறது, நோவும் இல்லை. பேர் போடாவிட்டால், அதாவது அன்றைய வேலை பதிவாகாவிட்டால், சம்பளம் இல்லை. கொழுந்து எடுக்கப் போகலாமா?
வாசகி, மஸ்கெலியா

உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனாலும் நான்கு வாரத்தில் போக வேண்டாம். நோவு இல்லை என்பதற்கு உள்ளே ஆறிவிட்டது என்று பொருளல்ல. வயிற்றை வெட்டிச் செய்தவருக்குக் கொழுந்து வேலைக்கு எட்டு வாரத்துக்குக் குறைவான கணக்குச் சரிவராது, முழுப் பாரத்துக்கு மூன்று மாதம். மழையில் நனைந்த கொழுந்து இன்னும் பாரம் கூடும். அதோடு சரிவில் வழுக்காமல் நிற்க வயிற்றுத் தசை இறுகும். தொப்புளுக்குக் கீழே நெடுக்காக வெட்டியிருந்தால் இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டும் கயிறு சரியாகத் தழும்பின் மேல் உரசும்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் ஓய்வு எத்தனை வாரம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கிளினிக் நாளில் அதைத் தனியாக எழுதித் தரும்படி கேட்டு, பிரதி ஒன்றைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இலேசான வேலை என்று வாயால் கேட்பதைவிட "5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது" என்று எழுத்தில் இருந்தால் மறுப்பது கடினம். வேலைக்குத் திரும்பியதும் சாக்கு பாதி நிறையும்போதே நிறுவைக்குக் கொண்டுபோங்கள்.

இடையில் சும்மா படுத்துக் கிடக்கவும் கூடாது. முதல் நாளிலிருந்தே நடை வேண்டும், காலில் இரத்தம் கட்டாமல் காப்பது அதுதான். இஸ்தோப்பிலும் வாசலிலும் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, ஆறாம் வாரத்தில் அரை மணி நேரம். ஏற்றத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மலம் முக்காமல் போகப் பப்பாசி, கீரை, நாளுக்கு எட்டுக் கிளாஸ் தண்ணீர். பத்தியம் என்று கருவாடும் சோறும் மட்டும் தந்தால் ஏற்காதீர்கள். காயம் ஆற முட்டை, பருப்பு, நெத்தலி எல்லாம் வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் திடீரென்று சிவப்பாகப் பட்டது. எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?
வாசகி, புசல்லாவ

உள்தையல் கரையும் நாட்களில் சிறிதளவு சிவப்போ பழுப்போ படலாம். ஆறு வாரம்வரை விட்டுவிட்டு வருவதுண்டு. டம்பன் வைக்காதீர்கள், பேட் மட்டும் போதும். முந்தின நாள் ஏதாவது தூக்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால், நாற்றத்தோடு நீர் போனால், காயம் சிவந்து சீழ் வந்தால், வயிறு உப்பி வாந்தி எடுத்தால், சிறுநீர் வராவிட்டால் அல்லது யோனி வழியே ஓயாமல் கசிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலும், மூச்சுத் திணறினாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், வண்டி எதுவரை வரும் என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் அதைச் சொல்வதுதான் கடினம்.

கர்ப்பப்பை போய்விட்டால் "பொம்பளைத் தன்மை" போய்விடும் என்கிறார் மாமியார். வீட்டுக்காரரும் தள்ளிப் படுக்கிறார்.
வாசகி, பதுளை

சூலகங்கள் இரண்டையும் விட்டு வைத்திருந்தால் ஹோர்மோன் தொடர்ந்து சுரக்கும். மாதவிடாய் மட்டும்தான் நிற்கும். அவற்றையும் எடுத்திருந்தால் உடல் சூடு, வியர்வை, தூக்கமின்மை உடனே தொடங்கும். 45 வயதுக்குக் கீழ் என்றால் எலும்பைக் காக்க ஹோர்மோன் மருந்து பற்றி டொக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது டயக்னோசிஸ் கார்டில் இருக்கும். கருப்பை வாயை விட்டிருந்தால், அதில் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கும் பெப் பரிசோதனையை இனியும் செய்துகொள்ள வேண்டும்.

உறவுக்கு ஆறு வாரம் கழிந்து, டொக்டர் உள்தையலைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் தள்ளிப் படுப்பது உங்களை நோகடித்துவிடுவோமோ என்ற பயத்தாலும் இருக்கலாம். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் அழைத்துப் போய், கேள்வியை அவரே கேட்கட்டும்.