பழைய படங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, காலமான என் பாட்டியின் தகரப்பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. ஒரே மாதிரிச் சட்டையில் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் மாலையோடு ஒரு பெரியவர். எங்கள் தோட்டத்து ஆயா கொட்டகை என்கிறார் அம்மா. அனாதை இல்லம் என்கிறார் மாமா. யார் சொல்வது சரி? முகநூலில் போட்டு விசாரிக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாமா சொல்வதுதான் சரி என்று படுகிறதம்மா. நீங்கள் அனுப்பிய நகலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆயா கொட்டகையில் இருந்தவர்கள், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன தாய்மார் விட்டுச்சென்ற கைக்குழந்தைகளும் பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறுசுகளும்தான். அந்தப் படங்களில் தூளி தொங்கும், ஆயாவின் இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும், உடுப்பு ஆளுக்கொரு விதமாக இருக்கும். உங்கள் படத்திலோ அரும்பு மீசைப் பையன்கூட நிற்கிறான். ஒரே துணியில் தைத்த சட்டை, ஒட்ட வெட்டிய தலை. இல்லத்துப் பிள்ளைகள்தான்.

படத்தின் ஓரம் அலை அலையாக வெட்டப்பட்டிருக்கிறது. ஐம்பதுகளை ஒட்டியதாக இருக்கும். அந்தக் காலத்தில் இல்லங்கள் ஏன் தேவைப்பட்டன என்பது நம் குடும்பங்களுக்கே தெரியும். இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தான். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. போருக்குப் பிறகு, 1949இல், சுவாமி சத்யானந்தா கோலாலம்பூரில் சுத்த சமாஜம் என்ற சேவை அமைப்பைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளை வளர்த்த அன்னை மங்களம் 2023இல்தான் மறைந்தார். உங்கள் படம் அங்கே எடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இவர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் நன்கொடையாளருக்காக எடுக்கப்பட்டவை. லண்டனில் டாக்டர் பர்னார்டோ 1874இலேயே தம் இல்லத்தில் புகைப்படப் பிரிவு தொடங்கினார். சேரும்போது கந்தலில், சேர்ந்த பிறகு வேலை செய்யும் கோலத்தில் என்று ஜோடி ஜோடியாகப் படம் எடுத்து அட்டைகளாக விற்றார். படத்துக்காகப் பிள்ளைக்கு வேஷம் கட்டியது தவறு என்று 1877இல் நடுவர்கள் கண்டித்தார்கள். ஆனாலும் அங்கே சேர்ந்த பிள்ளைகளின் படங்களைப் பெயரோடு பதிந்து வைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் கேட்டுப் போய்த் தாத்தாவின் சிறு வயது முகத்தைப் பார்க்க முடிகிறது.

இங்கே அது நடக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். இந்த ஊரில் படக்கடை வைத்திருந்தவன் நான். தீபாவளி நெருங்கினால் ஓர் இல்லத்துக்குப் படம் எடுக்கப் போவேன். எடுத்து முடித்ததும் புதுச் சட்டைகளைக் கழற்றச் சொல்லி, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அடுத்த ஆண்டும் அதே சட்டைகள்தான் வெளியே வரும். மாலை போட்டவர் பெயரைப் படத்துக்குக் கீழே அச்சிடச் சொல்வார்கள். பிள்ளைகளின் பெயரை எழுதித் தரச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

அதனால் நீங்கள் தேட வேண்டியது அந்தப் பெயர்களைத்தான். முகநூல் வேண்டாம். அன்றைக்குப் பத்து வயதுப் பையன் இன்று எண்பதைத் தாண்டியவராக நம் ஊரிலேயே இருக்கலாம். இல்லத்தில் வளர்ந்ததை மனைவி மக்களிடம்கூடச் சொல்லாதவர்களை எனக்குத் தெரியும். படத்தின் நகலைப் பெரிதாகக் கழுவி, அதாவது அச்சிட்டு, எடுத்துக்கொண்டு, பாட்டியோடு தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த பெரியவர்களை வீட்டில் போய்ப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை நகலின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். முதலில் மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: பாட்டி ஏன் இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்? அவருடைய தம்பியோ அண்ணனோ அந்த வரிசையில் நிற்கலாம்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் தீபாவளிக்கு ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பலகாரம் கொண்டு போகிறது. படம் எடுத்து முகநூலில் போடலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: பலகாரத்தைப் போடுங்கள் தம்பி, பிள்ளைகளின் முகம் வேண்டாம். பாதுகாப்புக்காக இல்லத்தில் வைக்கப்பட்டிருக்கும் சிறார்களின் படத்தை வெளியிட நம் நாட்டின் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் பொறுப்பாளரின் அனுமதியோடு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக எடுங்கள். காகிதத்தில் கழுவி, பின்னால் பெயரும் தேதியும் எழுதி, அந்தந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டு, உங்கள் கைப்பேசியில் இருப்பதை அழித்துவிடுங்கள்.