பானைக்குள் பத்துப் பைசா

அன்புள்ள சார்,

கம்ப்யூட்டர் சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையே நுண்ணிய கால்வாய்களில் திரவத்தைக் கொதிக்கவிட்டுக் குளிர்விக்கிறார்களாம். பம்புகூட இல்லையாம். கொதிப்பது எப்படிக் குளிர்விக்கும்? பொறியியல் படித்த எனக்கே இது விளம்பர வித்தையாகத் தோன்றுகிறது. லேப்டாப்புக்கு எப்போது வரும்?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

பொறியியல் படித்துவிட்டு இப்படிக் கேட்கலாமா தம்பி? ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 100 கலோரி போதும். அதையே ஆவியாக்க 540 கலோரி வேண்டும். அத்தனையையும் விழுங்கிவிட்டு 100 டிகிரியிலேயே நிற்கும். சிப்புக்கென்றால் 56 டிகிரியிலேயே கொதிக்கும், மின்சாரம் கடத்தாத திரவங்களும் உண்டு.

பம்பு எதற்கு? ஆவி தானாக மேலே ஏறும், அங்கே குளிர்ந்து தன் எடையாலேயே கீழே இறங்கும். லேப்டாப்பா? அதிலிருக்கும் செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் நீர் இப்போதும் ஆவியாகித் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதை விடுங்கள்.

1981-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சிலிக்கானில் 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலத்தில் கால்வாய் செதுக்கி, நீரை அழுத்தி ஓடவிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை வெளியேற்றினார்கள். அது ஓடிய நீர், கொதித்த நீர் இல்லை. கொதிக்கவிட்டால் வேறு வம்பு. அவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு குமிழி உப்பினாலே கால்வாய் அடைபட்டுவிடும். பின்னால் வரும் திரவத்தை அது வந்த வழிக்கே தள்ளும். சுவர் காய்ந்ததும் சூடு சட்டென்று எகிறும். அடுக்கின் நடுவில் மாட்டிய சிப்புக்குத் தப்ப வேறு வழியும் கிடையாது. அதனால்தான் கால்வாயின் வாயை மட்டும் இன்னும் குறுக்கி, திரவம் பின்வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் கொதிப்பதைக் கண்டு பயப்படுகிறீர்கள். என் அம்மா கொதி நின்றால்தான் பயப்படுவாள். இட்லிப் பானையின் அடியில் நெளிநெளி ஓரம் வைத்த அலுமினியப் பத்துப் பைசா ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும். சத்தம் அடங்கினால், கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் ஈரக்கையோடு ஓடிவருவாள். தண்ணீர் இருக்கும்வரை பானைக்கு ஒன்றும் ஆகாது, வற்றிவிட்டால் இரண்டு நிமிஷம் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். உங்கள் கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லையா?

ஒருநாள் கமர்கட்டு வாங்க அந்தக் காசை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். சத்தமே வராததால், பானை இன்னும் கொதிக்கவில்லை என்று அம்மா நினைத்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது தெரு முனை வரைக்கும் தீய்ந்த வாடை.

அடி வாங்கியதெல்லாம் மறந்துவிட்டது. மறுநாள் முதல் பானைக்குள் காசு இல்லை, கோலிக்குண்டு கிடந்தது. என்னுடைய கோலிக்குண்டு.