அரிதான பிரபஞ்சமும் கடவுளும்

வணக்கம் சார்,

பிரபஞ்சத்தின் அடிப்படை எண்கள் (ஈர்ப்பு விசையின் வலிமை போன்றவை) கொஞ்சம் மாறியிருந்தாலும் நட்சத்திரமோ உயிரோ வந்திருக்காது என்று ஓர் உரையில் கேட்டேன். இவ்வளவு அரிதானது தானாக அமையுமா? கடவுள் உண்டு என்பதற்கு இதுவே போதாதா? நண்பனிடம் சொன்னேன், சிரித்துவிட்டான். நான் சாமி கும்பிடுகிறவன். எனக்கு இது பெரிய தெம்பாக இருந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், மயிலாடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சிரித்திருக்க வேண்டாம். நம் உடம்பில் உள்ள கார்பன், நட்சத்திரங்களுக்குள் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து உண்டானது. அது போதுமான அளவு உண்டாக வேண்டுமானால் கார்பன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தே தீர வேண்டும் என்றார் பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாய்ல். நீங்கள் சொன்ன எண்கள் மாறினால் இந்த நிலையும் இடம் மாறிவிடும். 1953-இல் கலிஃபோர்னியாவில் சோதித்தார்கள். ஏறக்குறைய அவர் சொன்ன இடத்திலேயே, சுமார் 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில், அது இருந்தது. ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்ததுபோல் இருக்கிறது என்று அவரே பின்னாளில் எழுதினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் சிலிர்க்கிறது.

ஆனால் இதிலிருந்து கடவுளுக்குப் போக முடியாது என்றே நினைக்கிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால் நம் பக்கத்து விவசாயி ஒரு கணக்குச் சொல்லிவிடுவார். 1934-இல் அணை கட்டி முடித்ததிலிருந்து எந்தெந்த வருஷம் திறந்தது, எப்போது தள்ளிப்போனது என்பதற்குப் பதிவு இருக்கிறது. பிரபஞ்சம் விஷயத்தில் நாம் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அந்த எண்கள் வேறாக இருந்திருக்க முடியுமா, முடியும் என்றால் எவ்வளவு தூரம், எந்த எண் வர எவ்வளவு வாய்ப்பு? இதைச் சொல்லும் விதி எதுவும் நம் கையில் இல்லை. உயிருக்கு இடம் தரும் எல்லை குறுகியது என்பது வரை சரி. குறுகியது என்பதாலேயே அரிது என்று சொல்லிவிட முடியாது. எண்ணற்ற பிரபஞ்சங்கள் உண்டு, அதில் ஒன்று இப்படி அமைந்தது என்று மறுபக்கம் சொல்பவர்களிடமும் சாட்சி கிடையாது.

இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. எல்லாம் வல்லவனுக்குக் கார்பன் எதற்கு? எந்த எண்களை வைத்தும், ஏன் எண்களே இல்லாமலும், அவனால் உயிர்களை வாழவைக்க முடியுமே. இம்மி பிசகினால் எல்லாம் கெட்டுவிடும் என்ற நெருக்கடி அவனுக்கு ஏன் வரவேண்டும்?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தருமபுரமும் திருவாவடுதுறையும் இருக்கின்றன. அந்த மடங்கள் போற்றும் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்தது. அதன் முதல் சூத்திரமும் உலகத்தை வைத்துத்தான் கடவுளை நிறுவுகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. எனவே அதைத் தொழிற்படுத்தும் ஒருவன் உண்டு என்கிறது. உலகம் அரிதா, சாதாரணமா என்ற கேள்வியே அங்கே இல்லை. நாளைக்கே யாராவது அந்த எண்கள் அப்படித்தான் இருக்க முடியும் என்று காட்டினாலும் அந்த வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், சைவ சித்தாந்தத்தில் உயிர்களும், உலகுக்கு மூலப்பொருளான மாயையும்கூட அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை. ஒன்றுமில்லாததிலிருந்து எண்களைத் தேர்ந்தெடுத்து உலகைப் படைத்த கடவுளை அது பேசவில்லை.

நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். உங்கள் தெம்பு இந்த எண்களை நம்பி நிற்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். முதல் சூத்திரத்தை ஒரு நல்ல உரையோடு படியுங்கள், நண்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோன்றி மறைவது எல்லாவற்றுக்கும் செய்பவன் ஒருவன் வேண்டுமா என்று அவர் கட்டாயம் கேட்பார். அது நல்ல கேள்வி. நீங்கள் இருவரும் என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.