எழுபது வயதும் கேம்பர்வானும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 71. லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். ஓய்வு பெற்ற பின்னர் பழைய ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் சரக்கு வான் ஒன்றை வாங்கி, என் கையாலேயே கட்டில், சமையல் மேடை, எரிவாயு அடுப்பு, கூரையில் சோலார் தகடு, இரண்டாவது பற்றரி எல்லாம் பொருத்தி, தங்கிச் சமைத்துப் பயணிக்கும் கேம்பர்வானாக மாற்றியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளுடன் வேல்ஸுக்கும், அடுத்த கோடையில் மனைவியுடன் பிரான்சிலுள்ள லூர்து மாதா கோயிலுக்கும் போக ஆசை. ஆனால் ஒப்பீட்டு இணையத்தளங்களில் ஒரு நிறுவனமும் எனக்கு விலை தருவதாக இல்லை. தடை என் வயதா, வாகனத்தில் செய்த மாற்றங்களா? மகன் பெயரில் காப்புறுதி எடுத்துவிட்டு நீங்கள் ஓட்டலாமே என்கிறார் ஒரு நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நண்பர் சொன்ன யோசனைதான் உங்களுக்குப் பெரிய ஆபத்தைக் கொண்டுவரக்கூடியது. வண்டியைப் பெரும்பாலும் ஓட்டப்போகிறவர் நீங்கள் என்றிருக்க, மகனைப் பிரதான சாரதியாகக் காட்டுவது காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லும் பொய். விபத்து நடந்து விசாரணை வந்தால் நிறுவனம் பாலிசியையே செல்லாததாக்கலாம். அதன்பின் உங்களுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் காப்புறுதி கிடைப்பது கடினமாகிவிடும். மகனும் சில வேளை ஓட்டுவார் என்றால், உங்களைப் பிரதான சாரதியாக வைத்து அவரைக் கூடுதல் சாரதியாகச் சேருங்கள்.

அடுத்து வயது. காப்புறுதி நிறுவனங்கள் நம்பகமான தரவுகளின் அடிப்படையில் வயதுக்கேற்பக் கட்டணம் நிர்ணயிப்பதை 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே 'வயதைக் காட்டி மறுத்தார்கள்' என்று மட்டும் சொல்லி வழக்காட முடியாது. ஆனால் அரசாங்கமும், காப்புறுதி நிறுவனங்களின் சங்கமும், பிரித்தானியக் காப்புறுதித் தரகர் சங்கமான பி.ஐ.பி.ஏ.யும் 2012 இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, வயதைக் காரணம் காட்டி வாகனக் காப்புறுதியை மறுக்கும் நிறுவனம், உங்களுக்குக் காப்புறுதி தரக்கூடிய வேறொரு நிறுவனத்தையோ தகவல் சேவையையோ காட்டிவிட வேண்டும். எனவே 'இல்லை' என்ற பதிலோடு தொலைபேசியை வைத்துவிடாமல், 'அப்படியானால் என்னை யாரிடம் அனுப்புகிறீர்கள்?' என்று கேளுங்கள்.

சாரதி அனுமதிப்பத்திரம் 70 வயதில் காலாவதியாகும் என்பதும், அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டணமின்றிப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் படிவத்தில் உடல்நிலையைப் பற்றிச் சொல்லும் பதிலும் காப்புறுதிப் படிவத்தில் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இன்சுலின் எடுப்பவர்களும், இரண்டு கண்ணிலும் குளுக்கோமா உள்ளவர்களும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாகனப் பதிவையும் கவனிக்கும் அரசு நிறுவனமான டி.வி.எல்.ஏ.க்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

இனி மாற்றங்கள். உங்கள் விடயத்தில் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்ற வருடம் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடன் அவருடைய சமையலறை மேசையில் உட்கார்ந்து, இதே போன்றதொரு படிவத்தை நிரப்பினேன். 'வாகனத்தில் மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளனவா?' என்ற வரி வந்தபோது அவர் தயங்காமல் 'இல்லை' என்பதை அழுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு, 'எஞ்சினில் நான் கை வைக்கவில்லையே, கட்டிலும் அலுமாரியும் தளபாடம்தானே' என்றார். அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் அந்தப் பதில் பிழையானது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலிருந்து வாகனம் எந்த வகையில் வேறுபட்டாலும் அது மாற்றம்தான்: வெட்டி வைத்த யன்னல், சுழலும் இருக்கை, சோலார் தகடு, டீசல் ஹீட்டர், பின்னால் பூட்டிய இழுவைக் கொக்கி, எல்லாமே.

2012 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பது, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் உண்மையான பதில் சொல்வதைத்தான். வேண்டுமென்றே மறைத்தால் நிறுவனம் பாலிசியை இரத்துச் செய்து, கட்டிய கட்டணத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்றால், இழப்பீடு விகிதப்படி குறையலாம். உதாரணமாக, நீங்கள் 450 பவுண்டு கட்டியிருக்க, மாற்றங்களைச் சொல்லியிருந்தால் 600 பவுண்டு கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது முக்கால் பங்கு என்பதால், 12,000 பவுண்டு இழப்புக்கு 9,000 மட்டுமே தரலாம். முழு விவரம் தெரிந்திருந்தால் காப்புறுதியே தந்திருக்க மாட்டோம் என்ற நிலையில், கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு இழப்பீட்டை முற்றாக மறுக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

இன்னொரு சிக்கல் பதிவுப் பத்திரமான வி5சி. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் மட்டும் டி.வி.எல்.ஏ. அதை 'மோட்டார் கரவன்' என்று மாற்றித் தராது. பக்கத்து யன்னல்கள், உயர்ந்த கூரை, வெளிப் பந்தலைப் பொருத்தும் கம்பி என, தெருவில் போகிறவர் பார்த்தாலே கேம்பர்வான் என்று தெரியும் வெளித்தோற்றத்தையும் அது எதிர்பார்க்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் மனம் தளர வேண்டாம். பத்திரத்தில் வான் என்றே இருக்கும் வாகனத்தையும் கேம்பர்வானாகக் காப்புறுதி செய்யும் நிறுவனங்கள் உண்டு. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே அவர்களிடம் சொல்லிவிட்டால் போதும்.

ஒப்பீட்டுத் தளங்களை விட்டுவிட்டு, கேம்பர்வான்களைக் கவனிக்கும் தரகரிடம் தொலைபேசியில் பேசுங்கள்; பி.ஐ.பி.ஏ.யிடம் கேட்டால் பொருத்தமானவரைக் காட்டும். பேசுவதற்கு முன் ஒரு கோப்பு தயாராகட்டும்: நான்கு பக்கமும் உள்ளேயும் எடுத்த படங்கள், மாற்றங்களின் முழுப் பட்டியல், பொருட்களின் ரசீதுகள், மின்வேலை பற்றிய குறிப்பு. எரிவாயு இணைப்பை, இத்தகைய வாகனங்களுக்கான தகுதி பெற்ற, காஸ் சேஃப் என்ற எரிவாயுப் பதிவேட்டிலுள்ள பொறியியலாளரிடம் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். பேரப்பிள்ளைகள் உறங்கப்போகும் இடம் அது, கார்பன் மொனொக்சைட் அலாரமும் அவசியம். பொதுவாக நிறுவனங்கள் தருவது சந்தை மதிப்பு. உங்கள் உழைப்புக்கு ரசீது இல்லாததால் அதில் நீங்கள் இழப்பது அதிகம். ஆகவே 'முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற அடிப்படையில் பாலிசி கிடைக்குமா என்று கேளுங்கள். வருடத்துக்குக் குறைந்த மைல்களே ஓடுவீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், கட்டணம் குறையலாம், ஆனால் லூர்துப் பயணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

லூர்துக்குப் போக, பிரித்தானியப் பதிவுள்ள வாகனத்துக்கு, வெளிநாட்டில் காப்புறுதிக்குச் சான்றாகக் காட்டும் பச்சை அட்டை தேவையில்லை. 2021 ஓகஸ்ட் 2 முதல் அந்த விதி நீங்கிவிட்டது. ஆனால் முழுக் காப்புறுதி பிரான்சிலும் அப்படியே தொடருமா, எத்தனை நாளுக்குத் தொடரும், வழியில் பழுதானால் யார் வருவார்கள் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தரகரிடம் பேசிய ஒவ்வொரு முறையும், 'இன்ன இன்ன மாற்றங்களை உங்களிடம் தெரிவித்தேன்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பின்னர் தகராறு வந்தால், நிறுவனத்திடம் முறையிட்டு எட்டு வாரத்துக்குள் தீர்வு இல்லையென்றாலோ, அதன் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றாலோ, இத்தகைய தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்குச் செலவின்றிப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: எனக்கு 69 வயது. நாலு தொன் எடையுள்ள டீசல் மோட்டார்ஹோம் வைத்திருக்கிறேன். 70 ஆனதும் ஓட்ட முடியாது என்கிறார்களே?

பதில்: நீங்கள் 1997 ஜனவரி 1 க்கு முன் கார் ஓட்டுநர் தேர்வில் சித்தியடைந்தவர் என்றால், உங்கள் அனுமதிப்பத்திரத்தில் 7.5 தொன் வரை ஓட்டும் சி1 வகை இருக்கும். அது 70 வயதில் தானாகத் தொடராது. டி4 என்ற மருத்துவப் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி, புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். மருத்துவர் இதற்குக் கட்டணம் கேட்பார். படிவத்தை அனுப்பாவிட்டால் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட உங்கள் வாகனத்தை ஓட்டும் உரிமை போய்விடும், உரிமையின்றி ஓட்டும் வாகனத்துக்குக் காப்புறுதியை நம்பவும் முடியாது. பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே மருத்துவரிடம் நேரம் கேட்டு வையுங்கள்.