ஏற்காட்டு மலைக் கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் கேள்வி: எழுத்துக் கூட்டத் தெரிந்தும் புத்தகத்தைத் தொடாத இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எப்படி வாசிக்க வைப்பது?

உங்கள் பள்ளி ஏற்காட்டில் இருப்பதால் அந்த ஊரிலிருந்தே தொடங்குங்கள். அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போனது, மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழா என்று பிள்ளைகள் சொல்வதை அவர்கள் வாயில் வந்த சொல்லிலேயே கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டிச் சேர்ந்து படியுங்கள். தான் சொன்னதே எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அடுத்த சொல் தானாக வாயில் வரும்.

247 எழுத்தும் முடியட்டும், அப்புறம் கதை என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். எழுத்துப் பயிற்சி கட்டாயம் வேண்டும், ஆனால் தினம் பத்து நிமிடம் நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுவதும் கூடவே நடக்க வேண்டும், அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சரி.

தமிழக அரசு பள்ளிகளுக்குத் தரும் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என நாலு படியாக இருக்கும். அவற்றைப் பீரோவில் பூட்டாமல் வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். போதவில்லையா, குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், பதிவிறக்கி அச்சிடலாம். படித்து முடித்ததும் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவதை மட்டும் முதல் சில மாதங்களுக்கு விட்டுவிடுங்கள்.