ஏன் அடிக்கிறாய்?

ஐயா,

ஸ்தோத்திரம். நான் கோ.புதூரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் அம்மா இறந்தபோது முப்பதாம் நாள் ஜெபத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அம்மாவின் ஆறு பவுன் சங்கிலி என்னிடம்தான் இருக்கிறது என்று அண்ணி அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். போன வருடம் அந்தச் சங்கிலி அண்ணனின் பேங்க் லாக்கரிலேயே கிடைத்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை, மூன்றாவது ஆள் மூலமாகத் தெரியவந்தது. இப்போது அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் என் பெயரையும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் போதகரிடம் கேட்டேன். "சகோதரி, தேவன் எவ்வளவு பெரியவர்! இந்த அற்பக் காரியத்தை அவரிடம் விட்டுவிடுங்கள், மறு கன்னத்தைக் காட்டுங்கள்" என்றார். 21 நாள் உபவாசம் இருந்து பார்த்தேன், மனசு ஆறவில்லை. இன்னா செய்தாருக்கு நன்னயம் செய்யச் சொல்லும் குறளும் வேதமும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா? கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா? இந்த அற்பமான சங்கிலி விஷயத்தை எழுதியதற்கு மன்னிக்கவும்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்களைச் சகோதரி என்று அழைக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லித்தான் உங்கள் வாயை அடைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு திட்டு. சின்னக் கடிதத்தில் 'அற்பம்' இரண்டு முறை வருகிறது. ஒன்று போதகர் சொன்னது, போகட்டும். இன்னொன்று நீங்களாகவே எழுதியது. ஊர் கூடிய இடத்தில் ஒருத்தியைத் திருடி என்பது எந்தக் கணக்கில் அற்பம்? 21 நாள் பட்டினி கிடந்தீர்களே, அந்த 21 நாளில் ஒருநாள் ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம். குறளும் வேதமும் ஒன்றா என்பதை இன்னொரு நாள் பேசலாம். அதற்குத் தமிழ் டீச்சர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் காரணம், பத்து நாளாகவே நான் யோவான் 18ஆம் அதிகாரத்தை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்ததுதான். அதற்குமுன் ஒரு பழைய கதை.

என் அப்பா ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். திருமங்கலம் தாண்டி ஒரு ஊர். 1974இல் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அவர்தான் கணக்கு எழுதினார். பூசணிக்காய், சேவல், வாழைத்தார், ஒரு சாக்கு குதிரைவாலி. எண்ணிப் பார்த்தபோது 140 ரூபாய் குறைந்தது. கமிட்டிப் பொருளாளர் ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் எல்லார் காதிலும் விழும்படி, "வாத்தியார் வீட்டுல அடுப்பு எரிஞ்சா சரி" என்றார். ஒரே ஒரு வாக்கியம். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கக் கோயில் அலமாரியை நகர்த்தியபோது, பாமாலைப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை கிடந்தது. 140 ரூபாய். பொருளாளரே வைத்து மறந்தது. பணம் கணக்கில் ஏறியது. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அப்பமும் ரசமும் வாங்கும் ராப்போஜன ஆராதனையில் 'சமாதானம்' கொடுப்பது என்று ஒன்று உண்டு. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950இல் வந்த ஆராதனை முறையில் சேர்த்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம். ஐயர், அதாவது எங்கள் குருவானவர், பீடத்திலிருந்து கொடுப்பார், அது கைமாறிக் கைமாறிப் பெஞ்சு பெஞ்சாக வரும். கொடுப்பவரின் வலது உள்ளங்கையும் வாங்குபவரின் வலது உள்ளங்கையும் சேர, இருவரும் இடது கையால் மூடிக்கொள்ள வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் பெஞ்சுக்கு அது வருவது பொருளாளர் கைவழியாகத்தான். நான் அப்பாவின் கையையே பார்ப்பேன். நகக்கண்ணில் சாக்பீஸ் வெள்ளை. அவருடைய இடது கை அந்த ஆளின் கையை மூடும். மூடும், அழுத்தாது.

அப்பாவைப் போல் பொறுமைசாலி உண்டா என்று ஊரே பேசியது. ஐயர் ஒருமுறை பிரசங்கத்திலேயே ஜாடையாகச் சொன்னார்.

ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்கும் என் அண்ணனுக்கும் தெரியும். அன்றைக்கு மத்தியானம் கறிக்குழம்பில் உப்பு குறைந்திருந்தால் செம்பு பறக்கும். குறையாவிட்டாலும் பறக்கும். பெல்ட்டைக் கழற்ற ஒரு காரணம் எப்படியும் கிடைத்துவிடும். மற்ற ஞாயிறுகளில் இவ்வளவு இல்லை. இதை முதலில் கண்டுபிடித்தவன் அண்ணன்தான். கோயில் முடிந்து செருப்பைத் தேடும்போதே காதோரம் வந்து சொல்வான்: "இன்னைக்கு ராப்போஜனம்டா. சாப்பிட்டதும் கம்மாப் பக்கம் போயிரு."

அப்பா கோயிலில் விழுங்கியதை வீட்டில் வந்து துப்பினார். டீச்சர், உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? வகுப்பில்? இந்த மூன்று வருடத்தில் யார் முதுகில் விழுந்தது என்று யோசித்துப் பார்த்தீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். அடி வாங்கியவன் கேட்கிறேன்.

சரி, யோவான் 18. பிரதான ஆசாரியனின் மாமனார் அன்னாவின் முன் இயேசுவை நிறுத்தியிருக்கிறார்கள். சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். மறு கன்னத்தைத் திருப்பிக் கொடு என்று மத்தேயு 5இல் சொன்னவரே இவர்தான். இப்போது என்ன செய்தார்? கன்னத்தைத் திருப்பினார் என்று யோவான் எழுதவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். திருப்பி அடிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை, வானத்திலிருந்து சேனையைக் கூப்பிடவும் இல்லை. கைகள் கட்டியிருக்க, அடித்தவனின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி. ஒப்புவி. ஏன்? அந்தச் சேவகனையும் பதில் சொல்லத் தகுதியுள்ள மனிதனாக மதித்தால்தான் அப்படிக் கேட்க முடியும். நாய் கடித்தால் நாயிடம் ஏன் கடித்தாய் என்று கேட்கிறோமா? எத்தனையோ வருடங்களாகப் பிரசங்கம் கேட்கிறேன். மறு கன்னத்துக்கு நூறு பிரசங்கம் என்றால், இந்த 'ஏன்' பெரிய வெள்ளியன்று வாசிப்போடு சரி. வலது கன்னம் என்றால் புறங்கை அடி, அதற்கு வேறு அர்த்தம் என்றெல்லாம் ஒரு வியாக்கியானம் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. சொன்னவர் தான் அடி வாங்கிய இரவில் எப்படி நடந்துகொண்டார் என்பதைவிட வேறென்ன வியாக்கியானம் வேண்டும்?

அப்போஸ்தலன் பவுலையும் பாருங்கள். பிலிப்பியில் அவரைத் தெருவில் வைத்து அடித்துச் சிறையில் போடுகிறார்கள். விடிந்ததும், சத்தமில்லாமல் போய்விடு என்கிறார்கள். அவர் போகவில்லை. வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது இரகசியமாய் விடுதலையாக்குகிறார்களோ, அவர்களே வந்து அழைத்துவிடட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அதிகாரிகள் வந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள். உங்கள் பெயரைப் பத்திரிகையில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்களே, அதுவும் அந்த மாதிரி இரகசிய விடுதலைதான். பழி போட்டது நடுவீட்டில், சமாதானம் மட்டும் தபாலில்.

நம்மூர் ஆள் ஒருவர் உண்டு. கத்தோலிக்கர்தான், ஆனால் மதுரைக்காரன் என்ற முறையில் எனக்கும் அவரில் பங்கு இருக்கிறது. ராபர்ட் தெ நொபிலி, 1606இல் மதுரைக்கு வந்தவர். காவியும் பூணூலும் போட்டுக்கொண்டு இந்த ஆள் மார்க்கத்தையே கெடுக்கிறார் என்று 1610இல் அவர்மேல் மேலிடத்துக்குப் புகார் போனது. எழுதியது வெளியாள் இல்லை, அவருக்கு முன்பிருந்தே இங்கே இருந்த சக பாதிரியார். நொபிலி மதுரையை விட்டு ஓடவில்லை, சபையை உதறவும் இல்லை. உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். வழக்கு கோவாவுக்குப் போய், ரோமாபுரிக்குப் போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். 13 வருடம். கடவுள் பெரியவர், அவரிடம் விட்டுவிடு என்று அவரிடமும் யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

அந்தப் 'பெரியவர்' மேல்தான் எனக்கு ஆத்திரம். அவர் பெரியவர் என்பதை நானும் நம்புகிறேன், முழங்காலில் நின்று நம்புகிறேன். ஆனால் அதை எடுத்து உன் காயம் சின்னது என்று அளக்கிற ஸ்கேலாக வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவன் சிநேகிதர்கள் செய்ததும் இதுதான். தேவனுடைய மகத்துவத்தைப் பற்றி அவர்கள் பேசியதில் எத்தனை அழகான வரிகள்! யோபுவோ புலம்பினான், வழக்காடினான், பிறந்த நாளையே சபித்தான். கடைசியில் பெருங்காற்றிலிருந்து பதில் வந்தது. பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கேயிருந்தாய் என்று யோபுவை மிரட்டியது உண்மைதான். அதோடு விடவில்லை, சிநேகிதர்கள் பக்கம் திரும்பி, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். கத்தினவன் பேச்சு நிதானம்! ஒத்தக்கடைப் பக்கம் போனால் யானைமலையைப் பாருங்கள். அவ்வளவு பெரிய பாறை. அதன் அடியில் ஆடு மேய்க்கிறவரிடம் கேட்டால், நிழலுக்கு ஆகும் என்பார்.

அம்மாவை விட்டுவிட்டேனே. என் அம்மா எழுத்துக் கூட்டித்தான் பைபிள் வாசிப்பார். யோவான் 18 வரை போயிருப்பாரா, தெரியாது. சம்பவம் நடந்து மூன்று வருடம் கழித்து, ஒரு ராப்போஜன ஞாயிறு, அதே வேப்பமரத்தடியில் பொருளாளரிடம் போனார். சேலைத் தலைப்பு தலையில் இருந்தபடியே இருந்தது. குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, அந்தப் பணம் கெடச்ச அன்னைக்கி, கோயில்ல இருந்து எங்க வீட்டுக்கு நடந்து வர எம்புட்டு நேரம் ஆகும்?"

அவர், "என்ன தங்கச்சி, பழசையெல்லாம்" என்றார்.

"பழசுதாண்ணே. அதான் கேக்குறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை, சாகும்வரை கேட்கவில்லை. அப்பா நாலு நாள் அம்மாவோடு பேசவில்லை, மானத்தை வாங்கிவிட்டாளாம். அடுத்த மாதம் பொருளாளர் பெஞ்சு மாறி உட்கார்ந்தார். சமாதானம் எங்களுக்கு ஒரு கிழவர் கைவழியாக வந்தது. நானும் அண்ணனும் வழக்கம்போலக் கம்மாய்க்கு ஓடிவிட்டோம். பொழுது சாய்ந்து பயந்துகொண்டே திரும்பினால், அப்பா திண்ணையில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அதோடு அடி நின்றுவிட்டது என்று எழுதினால் பொய். குறைந்தது.

கல்யாணத்துக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அதை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டேன். சமாதானமாயிருங்கள் என்று ரோமருக்கு எழுதும்போது பவுல் 'கூடுமானால், உங்களாலானமட்டும்' என்று இரண்டு முட்டு கொடுத்துத்தான் எழுதுகிறார். கல்யாணத்தன்று போய் மண்டபத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அதற்கு முன்னால் ஒரு சாதாரண நாளில், அண்ணன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அண்ணியிடம் கேளுங்கள். அண்ணனிடமும் கேளுங்கள், தலையைக் குனிந்துகொண்டவரை எதற்கு விடவேண்டும்? என்ன கேட்பது என்று உங்களுக்கு இப்போது தெரியும். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். கொடுக்காவிட்டாலும் கேள்வி கேட்டதாகவே இருக்கும்.

அப்புறம் கல்யாணத்துக்குப் போகத் தோன்றினால் போங்கள். சீர் கொண்டுபோவதாக இருந்தால் எவர்சில்வர் போதும். நகை மட்டும் வேண்டாம், டீச்சர்.